பாயிண்ட் இருக்கிறது, அறை எங்கே?

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் நம்மிடம் வரும் மஸ்அலாக்களில் அண்மைக் காலமாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "ஹஸ்ரத், டைம்ஷேர் பாயிண்ட் வாங்கலாமா? வாங்கினால் ஆதாயம் உண்டா?" என்பதே அது. கேட்பவர்கள் பெருஞ்செல்வந்தர்கள் அல்லர். துணிக்கடை நடத்துபவர், வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பியவர், பள்ளி ஆசிரியை ஒருவர். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை ஊட்டிக்கோ மூணாறுக்கோ அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அவர்களுடைய எளிய ஆசை. அந்த ஆசையில் எந்தக் குற்றமும் இல்லை.

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் புழங்குகின்றன. ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல், "அதெல்லாம் ஹராம், விட்டுவிடுங்கள்" என்று முடித்துவிடுவது ஒன்று. "விடுமுறைக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு? பாயிண்டைச் சாமர்த்தியமாகச் செலவிடத் தெரிந்தால் போதும்" என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கிறோம். முன்னதைக் கேட்டவர் மனம் நிறைவடையாமல் நேரே விற்பனைக் கூடத்துக்குப் போய்விடுகிறார். பின்னதைக் கேட்டவர் கையெழுத்திட்ட பிறகு நம்மிடம் வருகிறார். மார்க்கம் கேட்கும் கேள்வியும் கணக்குப் பிள்ளை கேட்கும் கேள்வியும் இவ்விடயத்தில் ஒன்றே: நான் கொடுத்த பணத்துக்கு ஈடாக எனக்குக் கிடைத்தது எது?

நாமும் ஒருமுறை அத்தகைய கூடத்தில் அமர்ந்திருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மளிகைப் பேரங்காடியில் வீட்டார் நிரப்பிப் போட்ட குலுக்கல் சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால்தான் பரிசு என்றார்கள். சென்றோம். வட்ட மேசைகள், காதைத் துளைக்கும் இசை, யாரேனும் கையெழுத்திட்டால் ஒலிக்கும் ஒரு மணி. நம் தாடியைக் கண்டதும் விற்பனை இளைஞர் அழகாக ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் நம்மீது கடமை என்பதை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, அதற்குப் பின் அவரிடம் கடுமையாகப் பேச நமக்கு நா எழவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மலை, கடல், படகு என்று படங்கள் ஓடின. இறுதியில் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "நீங்கள் தரும் இத்தனை பாயிண்டுக்கு மே மாதம் இரண்டாவது வாரத்தில் கொடைக்கானலில் எத்தனை இரவு கிடைக்கும்? அதை இத்தாளில் எழுதித் தருவீர்களா?" இளைஞர் மேலாளரை அழைத்தார். மேலாளர் சிரித்துக்கொண்டே, "அது அந்நேரத்தில் அறை காலியாக இருப்பதைப் பொறுத்தது" என்றார். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து வருகிறோம் என்றபோது, இந்த விலை இன்று இரவு வரை மட்டுமே என்று பதில் வந்தது. பரிசு என்று தந்த உறையில், இன்னொரு கட்டணம் செலுத்தினால் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு கூப்பன் இருந்தது.

நாம் எழுந்து வந்துவிட்டோம். நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை வேறொரு கூடத்திலிருந்து அப்படி எழுந்து வரவில்லை. தம் தாயாரின் உம்ராவுக்கென்று எடுத்து வைத்திருந்த தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியைத் தவணையில் அடைக்கச் சம்மதித்தார். மூன்று கோடை விடுமுறைகள் கழிந்தன. மே மாதத்துக்கு ஒருமுறைகூட அவருக்கு அறை கிடைக்கவில்லை. ஆண்டுக் கட்டணத்துக்கான நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது. அந்தத் தாயார் இன்னும் காத்திருக்கிறார்.

டைம்ஷேர் என்பது 1960-களில் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை விடுதிகளில் தோன்றிய ஏற்பாடு. ஒரு விடுதி அறையின் ஆண்டைப் பல வாரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒவ்வொருவருக்கு விற்றார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி இரண்டாவது வாரம், இந்த மாடியில் இந்த அறை உங்களுடையது என்றார்கள். வாங்கியவருக்குத் தான் வாங்கியது தெரிந்திருந்தது. ஒரே இடத்துக்கே ஆண்டுதோறும் போவது சலித்தபோது, வாரங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1974-இல் ஆர்.சி.ஐ. என்னும் பரிமாற்ற நிறுவனம் தோன்றியது. 1991-இல் டிஸ்னி நிறுவனம் தன் விடுமுறைக் கிளப்பைப் பாயிண்ட் முறையில் தொடங்கியது. இன்று வாரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பாயிண்ட் பிடித்துக்கொண்டுவிட்டது. பெரிய அறைக்கு அதிகப் பாயிண்ட், சிறிய அறைக்குக் குறைவு. வெள்ளி, சனி இரவுகளுக்கு அதிகம், ஞாயிறு முதல் வியாழன் வரை குறைவு. விடுமுறைக் காலத்துக்கு மிக அதிகம். வசதியான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் வாரத்தை வாங்கியவர் கையில் ஒரு வாரம் இருந்தது. பாயிண்டை வாங்கியவர் கையில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எத்தனை இரவு என்பதைச் சொல்லும் அட்டவணையோ விற்றவரின் கையில் இருக்கிறது.

"உலமாக்களே இதை அனுமதித்துவிட்டார்கள்" என்று விற்பனையாளர்கள் நம்மவரிடம் சொல்வதாகக் கேள்விப்படுகிறோம். இது பாதி உண்மை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் நடத்திய 18-ஆவது அமர்வில் டைம்ஷேரை ஆராய்ந்து, நிபந்தனைகளோடு அனுமதித்தது உண்மையே. அதன் அடிப்படை 'முஹாயஆ' எனும் பழைய ஃபிக்ஹுச் சட்டம். இருவருக்குப் பொதுவான ஒரு வீட்டில் இவர் ஒரு மாதமும் அவர் ஒரு மாதமும் முறைவைத்துக் குடியிருக்கலாம் என்பது நம் மதரஸாப் பாடநூல்களிலேயே உள்ள செய்தி. பயன்பாட்டை மட்டும் விற்பதாயின் அது 'இஜாரா', அதாவது வாடகை ஒப்பந்தம். வாடகை கூடுவதற்கு, பெறப்படும் பயன் அறியப்பட்டதாக இருக்க வேண்டும், காலம் அறியப்பட்டதாக இருக்க வேண்டும், கூலி அறியப்பட்டதாக இருக்க வேண்டும், பயனை ஒப்படைக்கும் ஆற்றல் கொடுப்பவரிடம் இருக்க வேண்டும். விற்பனையாளர் முதல் பாதியைச் சொல்கிறார். இந்தப் பாதியை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் 'கரர்' உள்ள வணிகத்தைத் தடுத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. வானில் பறக்கும் பறவையையும் நீருக்குள் இருக்கும் மீனையும் ஃபுகஹாக்கள் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். கொடுக்கும் பணம் உறுதி. கிடைப்பது கிடைத்தால் உண்டு. "காலியாக இருப்பதைப் பொறுத்தது" என்ற மேலாளரின் சிரிப்பில் நாம் அந்த மீனைத்தான் கண்டோம்.

ஃபிக்ஹு கற்ற சகோதரர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். குறிப்பிட்ட ஓர் அறையைச் சுட்டாமல், தன்மைகளை மட்டும் விவரித்து, பொறுப்பேற்கும் வகையிலும் வாடகை ஒப்பந்தம் செய்யலாமே என்பார். ஆம், செய்யலாம். ஆனால் பிற்காலத்தில் தகராறு எழாத அளவுக்கு விவரணை முழுமையாக இருக்க வேண்டும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. எந்த ஊர், எவ்வகை அறை, எந்தப் பருவம், எத்தனை இரவு என்பவை எழுதப்பட்டு, அட்டவணையைத் தம் விருப்பப்படி மாற்றும் உரிமையை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளாவிட்டால் நாம் மறுப்புச் சொல்லமாட்டோம். அப்படி ஓர் ஒப்பந்தத்தை எவரேனும் கொண்டுவந்தால் அமர்ந்து படிக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

பராமரிப்புக் கட்டணம் இதைவிடப் பெரிய சிக்கல். வாடகைக்கு விட்ட கட்டடத்தின் அடிப்படைப் பழுதுபார்ப்பு உடைமையாளர் பொறுப்பு. அன்றாடப் பயன்பாட்டுச் செலவை வாடகையாளர் மீது வைக்கலாம். இது ஃபிக்ஹின் பொதுவிதி, அகாடமியின் தீர்மானமும் இதையே சொல்கிறது. உறுப்பினர் கட்டும் ஆண்டுக் கட்டணத்திலோ துப்புரவும் மின்சாரமும் கூரை மாற்றமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அத்தொகை அடுத்த ஆண்டு எவ்வளவு, பத்தாம் ஆண்டு எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கூலி அறியப்படாத வாடகை இது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எடுத்துக்காட்டுக்காக, நுழைவுத் தொகை 4,00,000 ரூபாய், 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவுக்கான பாயிண்ட், ஆண்டுக் கட்டணம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 175 இரவுகள். நுழைவுத் தொகையை வகுத்தால் இரவுக்கு ஏறத்தாழ 2,286 ரூபாய். ஆண்டுக் கட்டணத்தை 7-ஆல் வகுத்தால் 2,857 ரூபாய். ஆக ஓர் இரவுக்கு 5,143 ரூபாய். "ஐயாயிரத்துக்கு மலைமேல் நல்ல அறையா!" என்று தோன்றும். விற்பனைக் கூடத்தில் காட்டப்படும் கணக்கு இதுவரைதான் வரும்.

அக்கட்டணம் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால் என்னாகும்? 25-ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 81,000 ரூபாய். 25 ஆண்டுகளில் கட்டணமாக மட்டும் கட்டியது சுமார் 10,97,000 ரூபாய், அதாவது நுழைவுத் தொகையின் இரண்டே முக்கால் மடங்கு. இப்போது ஓர் இரவின் விலை 8,500 ரூபாயைத் தாண்டுகிறது. இதுவும் ஓர் இரவுகூட வீணாகாமல் அத்தனையையும் பயன்படுத்தினால்தான். கட்டணம் உயராமலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 4 இரவு மட்டுமே தங்க முடிந்த குடும்பத்துக்கு ஓர் இரவு 9,000 ரூபாய் ஆகிவிடும். ஹோட்டல் வாடகையும் உயருமே என்று கேட்பது நியாயமான கேள்வி. உயரும். ஆயினும் ஹோட்டலுக்குப் போகாத ஆண்டில் ஹோட்டல்காரருக்கு நாம் எதுவும் கட்டுவதில்லை. கூடத்துப் படத்தில் ஹோட்டல் வாடகைக் கோடு மட்டும் ஆண்டுதோறும் மேலேறுகிறது. கட்டணக் கோடு படத்திலேயே இல்லை. இக்கணக்கில் தவணைக்கான வட்டியை நாம் சேர்க்கவில்லை. வட்டி கலந்தால் பேச்சுக்கே இடமில்லை என்பது வாசகர் அறிந்தது. 'வட்டியில்லாத் தவணை' என்று சொல்லப்படும்போது, கடன் கொடுப்பது வங்கியா, அந்த வங்கியின் தாளில் வட்டி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

நம் குடும்பங்களுக்கென்றே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். அவர்களுடைய பருவ அட்டவணை சூரிய ஆண்டைப் பின்பற்றுகிறது. நம் பெருநாள்கள் பிறையைப் பின்பற்றுகின்றன. 2026-இல் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாத இறுதியில் வருகிறது. 2033-இலோ நோன்புப் பெருநாள் இருமுறை வரும். ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பரின் பிற்பகுதியில் ஒன்று. பெருநாளை ஒட்டிப் பயணம் செய்யும் குடும்பம் குறைந்த விலைப் பருவத்தை வாங்கியிருந்தால், சில ஆண்டுகளில் அது பொருந்தும், பல ஆண்டுகளில் பொருந்தாது. ரமளான் மாதத்தில் நாம் பயணம் போவதில்லை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அதுவே மலைவாசத் தலங்களில் பாயிண்ட் மிக அதிகமாகச் செலவாகும் காலம். நம் வீடுகளில் வாப்பா, உம்மா, மாமியார் எனப் பயணம் புறப்பட்டாலே எட்டுப் பேர் ஆகிவிடுவோம். சிறிய அறையில் இரண்டு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கலாம் என்று விதி இருந்தால் இரண்டு அறை வேண்டும், பாயிண்டும் இரட்டிப்பாகும். உணவோ ஹலாலா என்று உறுதிசெய்ய வேண்டும். சமையலறை உள்ள அறை கிடைத்தால் நம்மவருக்கு அது பெரும் நிம்மதி. ஆனால் அங்கே சமைக்க அனுமதி உண்டா, வெளி உணவைக் கொண்டுவரலாமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

25 ஆண்டு ஒப்பந்தத்தில் மவ்த்தும் உண்டு. ஒப்பந்தக்காரர் இறந்தால் ஹனஃபி மத்ஹபில் இஜாரா முறிந்துவிடும், ஷாஃபிஈ மத்ஹபில் தொடரும். நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். நிறுவனத்தின் தாளோ இரண்டையும் அறியாது. வாரிசுகளிடம் கட்டணம் கேட்கும். 7 இரவை ஃபராயிள் சட்டப்படி மகன்களுக்கும் மகள்களுக்கும் பங்கிட்டுத் தரும்படி ஒருநாள் யாரேனும் நம்மிடம் வரத்தான் போகிறார்கள்.

வணிகத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு ஸஹாபிக்கு, "ஏமாற்று இருக்கக்கூடாது" என்று சொல்லி வாங்குமாறும், மூன்று நாள் வரை திருப்பித் தரும் உரிமையை வைத்துக்கொள்ளுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. டைம்ஷேர் விற்பனையில் இந்த நிதானத்தின் அவசியத்தைப் பிற நாடுகள் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறை, வாங்கியவர் காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ள 14 நாள் தருகிறது. அந்த நாள்களுக்குள் முன்பணம் வாங்குவதையே தடுக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இக்காலம் 10 நாள். இங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எனவே கையெழுத்திட்டு விட்டவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த விலகல் நாள்களைக் குறிக்கும் வரியை. நாள் இருந்தால் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அன்றே போகட்டும். நாள் கடந்திருந்தால், வாய்வழியாகத் தந்த வாக்குறுதிகளை நினைவிருக்கும்போதே எழுதி வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்கு வரையறை தந்திருக்கிறது. இழந்த பணத்தைக் கேட்பது பொறுமைக்கு மாறானது அல்ல.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் அந்தப் பாயிண்டை வெறுத்து ஒதுக்கிவிடுவதையும் நாம் ஏற்கவில்லை. கட்டணம் கட்டிவிட்டு அறையைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்விரயம். முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்து வைத்து அன்று காலையிலேயே பதிவு செய்யுங்கள். மாதம் கழித்து மெதுவாகக் கேட்பவருக்கு மே மாதம் ஒருபோதும் கிடைக்காது. ஞாயிறு மாலை சென்று வியாழன் வரை தங்குவதாகத் திட்டமிட்டால் அதே பாயிண்டில் கூடுதல் இரவுகள் கிடைக்கும். ஜும்ஆவுக்கு ஊர் திரும்பியும் விடலாம். மீதமுள்ள பாயிண்ட் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, அடுத்த ஆண்டுக்கு மாற்ற எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டணத் தேதியோடு சேர்த்து எழுதிவையுங்கள். பள்ளிப் பிள்ளை இல்லாத உறவினர் இருந்தால், ஆடி, ஆவணி மாதங்களில் அவர்கள் போய்வரட்டும். விருந்தினருக்கு விட்டுக்கொடுக்க விதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பதிவு செய்வதற்கு முன், அதே ஊரில் அதே நாளில் வெளியே அறை வாடகை எவ்வளவு என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். வாடகை குறைவாக இருந்தால் வாடகைக்கே போய்விட்டு, பாயிண்டை விலை கூடிய நாளுக்கு வைத்துக்கொள்வதே அறிவு.

எல்லாம் கேட்டும் வாங்கியே தீருவேன் என்பவர் நிறுவனத்திடம் புதிதாக வாங்க வேண்டாம். விட்டு விலக விரும்பும் உறுப்பினரிடம், மீதமுள்ள ஆண்டுகளை ரொக்கத்துக்குப் பேசுங்கள். கூடத்து விலையில் விற்பனைக் கமிஷனும் விருந்தும் பரிசும் அடங்கியிருக்கின்றன; மறுவிற்பனையில் அவை இல்லாததால் விலை வெகுவாகக் குறையும். பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு, பழைய நிலுவை உண்டா, முதல் உறுப்பினருக்கு இருந்த சலுகைகளில் எவை இரண்டாமவருக்குக் கிடையாது என்பவற்றை நிறுவனத்திடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களை வைத்து ஒருமுறை போடுங்கள். விடை எது வந்தாலும், மேலே ஃபிக்ஹின் பேரில் சொன்ன கேள்விகளுக்கு ஒப்பந்தத் தாளில் பதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நம் மாணவரின் தந்தை தம் உறுப்பினர் உரிமையை விற்க முடிவுசெய்து சென்ற மாதம் விளம்பரம் கொடுத்தார். இதுவரை இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. நல்ல விலைக்கு விற்றுத் தருவதாக இருவருமே உறுதி கூறினார்களாம். முன்கட்டணம் எவ்வளவு என்பதில் மட்டும்தான் இருவருக்கும் வேறுபாடு. கட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.